கேஸ்ட்ரோ சேப்டர் மனப்பாடம், வயிறு மட்டும் சரியில்ல: மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் பண்ற தப்புகள்

பெப்டிக் அல்சருக்கு (வயித்துப் புண்ணுக்கு) காரணம் என்னன்னு நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் கடகடன்னு சொல்லுவோம், ஆனா அதே நடுராத்திரியில வெறும் வயித்துல மூணாவது காபியோட உக்காந்துட்டு இருப்போம். நானும் அந்த ஜாதிதான். தேர்ட் இயர்ல நெஞ்செரிச்சல் ஆரம்பிச்சப்ப டாக்டர்கிட்ட போகல, சீனியர் ஒருத்தர்கிட்ட பான்டோப்ரசோல் (ஆசிட்டைக் குறைக்கிற மாத்திரை) ஸ்ட்ரிப் வாங்கி கோட் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன், எரிஞ்சா ஒண்ணு, எரியலன்னா விட்டுடறது.

அஞ்சு மாசம் இப்படியே ஓடுச்சு. அப்புறம் வேற வழியில்லாம ஒரு கேஸ்ட்ரோ (வயிறு, குடல் டாக்டர்) சார்கிட்ட போனேன். எப்ப போடறேன்னு கேட்டாரு, சாப்பிட்டதுக்கு அப்புறம் எரியும்போதுன்னு சொன்னேன். "சரி, அந்த மருந்தோட மெக்கானிசம் சொல்லு"ன்னாரு. வைவா (வாய்மொழித் தேர்வு) மாதிரியே ஒப்பிச்சேன், வயித்துல ஆசிட் சுரக்க வைக்கிற ப்ரோட்டான் பம்ப்ல, வேலை செஞ்சிட்டு இருக்கிற பம்பைத்தான் அது அடைக்கும், சாப்பாடு உள்ள போகும்போதுதான் பம்ப் நிறைய வேலை செய்யும், அதனால சாப்பாட்டுக்கு 30-லேருந்து 60 நிமிஷம் முன்னாடி போடணும்னு. சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைச்சிடுச்சு. பதிலை முழுசா தெரிஞ்சு வெச்சுக்கிட்டே அஞ்சு மாசம் தப்பா போட்டுருக்கேன்.

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. இந்த மாத்திரையை ரொம்ப நாள் தினமும் போட்டுட்டு திடீர்னு நிறுத்தினா ஆசிட் முன்னைவிட ஜாஸ்தியா சுரந்து மறுபடி எரியும், உடனே ஐயோ மாத்திரை இல்லாம முடியாது போலன்னு திரும்ப ஆரம்பிப்போம். அல்சருக்கு காரணமான ஹெச். பைலோரி பாக்டீரியா இருக்கான்னு மூச்சு டெஸ்ட்டோ மோஷன் டெஸ்ட்டோ பண்றதுக்கும் 2 வாரம் முன்னாடியே இதை நிறுத்தணும், ஆன்டிபயாடிக் எடுத்திருந்தா 4 வாரம் இடைவெளி வேணும், இல்லன்னா கிருமி உள்ள இருந்தாலும் ரிசல்ட் நெகடிவ்னு வரலாம். பேரி மார்ஷல் 1984-ல அந்த பாக்டீரியாவைத் தானே குடிச்சுப் பாத்தவரு, 2005-ல ராபின் வாரனோட சேர்ந்து நோபல் வாங்கினாரு. நாம பாக்கெட் ஸ்ட்ரிப்பை வெச்சு நம்ம வயித்துல பண்றது அந்த மாதிரி ஆராய்ச்சி இல்லங்க.

அடுத்தது பெயின் கில்லர். தூக்கம் கெட்டு தலைவலி வந்தா ஐபுப்ரோஃபென், மறுநாளும் அதே. சாப்பிட்டுட்டு போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு பாதிப் பேர் நம்பறாங்க, ஆனா அந்த மருந்து ரத்தத்துல கலந்து, வயித்துச் சுவரைக் காப்பாத்தற ப்ரோஸ்டாகிளாண்டினைக் குறைக்குது, அதனால ஊசியா போட்டாலும் அல்சர் வர வாய்ப்பு இருக்கு. தலைவலிக்கு முதல்ல தூங்கிப் பாருங்க.

காலைல சாப்பிடாம ஓடறதைப் பத்தி புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. ஒருநாள் ரவுண்ட்ஸ்ல புரொபசர் பேஷண்ட் வயித்துல ஸ்டெத் வெச்சு பவல் சவுண்ட்ஸ் (குடல் சத்தம்) கேட்டுட்டு இருக்காரு, என் வயிறு அதைவிட சத்தமா கடமுடன்னு உருட்டுச்சு, பேஷண்டே சிரிச்சுட்டாரு. ஆனா பசியைவிட பெரிய தப்பு மோஷனை அடக்கறதுதான், இதை யாரும் வெளிய சொல்ல மாட்டோம். காலைல எழுந்து ஏதாவது சாப்பிட்டதும் பெருங்குடல் தானா அசையும், கேஸ்ட்ரோகாலிக் ரிஃப்ளெக்ஸ்னு படிச்சதுதான். அந்த நேரத்துல கிளாஸுக்கு லேட் ஆகுதுன்னு தினமும் அடக்கினா கொஞ்ச நாள்ல அந்த உணர்வே மங்கிடும், அப்புறம் மலச்சிக்கல், முக்கறது, மூலம்னு வரிசையா வரும். வார்டுல பாத்ரூம் தேடணுமேன்னு தண்ணியும் குடிக்க மாட்டோம், அது இன்னும் மோசம். அரை மணி நேரம் முன்னாடி எழுந்திரிக்கிறதுதான் மருந்து, கஷ்டம்தான் தெரியும்.

ராத்திரி 11 மணிக்கு வயிறு முட்ட சாப்பிட்டு புக்கோட படுக்கறது நெஞ்செரிச்சலை விலை கொடுத்து வாங்கற வேலை, படுக்க 2-3 மணி நேரம் முன்னாடியே முடிச்சிடுங்க.

வார்டுல இருந்து வர்றவங்களுக்கு ஒண்ணு, ஹேண்ட் ரப் தடவிக்கிட்டா போதும்னு நேரா போய் சாப்பிட உக்காராதீங்க. வயித்துப்போக்கு வர வைக்கிற நோரோவைரஸுக்கு ஹேண்ட் ரப்ல இருக்கிற ஆல்கஹால் அவ்வளவா வேலை செய்யாது, அதே மாதிரி வயித்துப்போக்கு வர வைக்கிற சி. டிஃபிசில் பாக்டீரியாவோட ஸ்போர் (கெட்டியான ஓடு போட்ட வடிவம்) அதுல சாகவே சாகாது. வயித்துப்போக்கு பேஷண்டைப் பாத்துட்டு வந்தா சோப்பு, தண்ணிதான்.

கடைசியா, எக்ஸாம் டைம்ல வயிறு கலக்கினா நமக்கு நாமே ஐபிஎஸ்னு (IBS, குடல் எரிச்சல் நோய்) பேர் வெச்சுக்கறது. 2016-ல வந்த ரோம் 4 (இந்த மாதிரி குடல் கோளாறுகளைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் வெச்சிருக்கிற விதிமுறை) கணக்குப்படி கடைசி 3 மாசமா வாரத்துக்கு குறைஞ்சது ஒரு நாளாவது வயித்து வலி இருக்கணும், அது மோஷனோட சம்பந்தப்பட்டு இருக்கணும், தொல்லை ஆரம்பிச்சு 6 மாசமாவது ஆகியிருக்கணும். வைவாவுக்கு முந்தின நாள் நாலு தடவை போறதெல்லாம் ஐபிஎஸ் இல்ல, அது பயம். இதுக்கு நேர் எதிரா, டென்ஷன்தான்னு தள்ளிப்போடறதும் நடக்குது. க்ரோன்ஸ், அல்சரேடிவ் கோலைடிஸ் (குடல்ல நாள்பட்ட அழற்சி வர்ற நோய்கள்) எல்லாம் பெரும்பாலும் 15-லேருந்து 35 வயசுக்குள்ள ஆரம்பிக்கிற நோய், அதாவது நம்ம வயசு. மோஷன்ல ரத்தம், கரி மாதிரி கருப்பா போறது (இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் கருப்பா போகும், குழப்பிக்காதீங்க), தானா எடை குறையறது, முழுங்க முடியாம அடைக்கிறது, தூக்கத்துல இருந்து எழுப்பி விடற வயித்துப்போக்கு, இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கு போஸ்டிங் போனா போகட்டும், போய்க் காட்டுங்க. அதுவும் தெரிஞ்ச பிஜியை (மேல்படிப்பு படிக்கிற டாக்டரை) காரிடார்ல நிறுத்தி "அண்ணா லேசா வயித்து வலி"ன்னு ஆரம்பிக்காம முறையா பேஷண்டா போங்க, காரிடார்ல நின்னுக்கிட்டு யாரும் வயித்தை அமுக்கிப் பாக்க மாட்டாங்க.