டவுன் சிண்ட்ரோம் குட்டிகளுக்கு ஊட்டும்போது இதை கவனிங்க
என் பொண்ணுக்கு ரெண்டே கால் வயசு, டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலா இருக்கிற நிலை). மிக்ஸில அடிச்ச பருப்பு சாதம்னா இறங்கும், ஒரு பருக்கை முழுசா இருந்தா நாக்கால வெளிய தள்ளிடுவா, நானும் அடம்னு நெனச்சு ரொம்ப நாள் அதட்டிட்டேன், அப்புறம்தான் புரிஞ்சுது இந்த பிள்ளைங்களுக்கு வாய், நாக்கு தசையே தளர்வா இருக்கும், மெல்லுறதே பெரிய வேலைன்னு.

மொதல்ல உட்கார வைக்கிறதை பாருங்க. கால் தொங்கக்கூடாது, ஒரு முக்காலி போட்டு பாதம் ஊனி நேரா உட்காரட்டும், எங்க வீட்ல இது ஒண்ணே பாதி பிரச்சனைய தீர்த்துச்சு. மிக்ஸிய விட்டுட்டு கையால மசிங்க, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா திப்பியா விடுங்க. சின்ன ஸ்பூன் போதும். இட்லிய விரல் மாதிரி கீறி நெய் தடவி கடவாய்ப்பக்கம் வைங்க, பக்கத்துலயே இருங்க.

எடைக்கு வர்றேன். பக்கத்து வீட்டு பிள்ளையோட ஒப்பிடாதீங்க ப்ளீஸ், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்குன்னே தனி வளர்ச்சி சார்ட் இருக்கு, 2015ல அமெரிக்காவுல புதுசா வெளியிட்டாங்க, டாக்டர்கிட்ட அதுல குறிக்க சொல்லுங்க. எடை ஏறலன்னா தைராய்டு, இதயம், மலச்சிக்கல் மூணையும் கேளுங்க, தைராய்டு மந்தமா இருந்தா எடை கூடவும் செய்யும், அதனால வருஷா வருஷம் ரத்தம் டெஸ்ட் பண்ணணும்.

தண்ணி குடிச்சதும் இருமல், குரல் ஈரமா கரகரன்னா, அடிக்கடி நெஞ்சு சளின்னா ஊட்டி பழக்கலாம்னு இருக்காதீங்க, உடனே டாக்டரை பாருங்க.