குழந்தைகள் இதய வார்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை ஐந்தரை மணி. ஏழரைக்கு ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டிய ஐந்து மாதக் குழந்தை, இரவெல்லாம் அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல் பார்க்கக் குனிந்தேன். உதட்டோரத்தில் வெள்ளையாக ஒரு கோடு காய்ந்திருந்தது. நிமிர்ந்து பாட்டியைப் பார்த்தேன். முந்தானைக்குள் எதையோ மறைத்தார். பாலாடை.

“பச்சப் புள்ள சிஸ்டர், வெறும் வயித்தோட எப்படி அனுப்புறது? ஒரே ஒரு பாலாடைதான்.”

அன்று அந்தக் குழந்தைக்கு ஆபரேஷன் நடக்கவில்லை. பட்டியலில் அடுத்து இருந்த குழந்தை முன்னால் போனது. இவர்களுக்கு மூன்று நாள் கழித்துத்தான் தியேட்டர் கிடைத்தது. அப்பா பாட்டியைத் திட்டித் தீர்த்துவிட்டார். நான் பாட்டிக்கு நன்றி சொன்னேன், கேட்டதும் ஒளிக்காமல் சொன்னதற்காக.

பல வருடமாகக் குழந்தைகள் இதயப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை கவனக்குறைவால் வருவதில்லை. பயத்தால், பாசத்தால், தயக்கத்தால் ஒருவர் இன்னொருவரிடம் ஒன்றைச் சொல்லாமல் விடுவதால்தான் வருகின்றன. பெற்றோர் மட்டுமல்ல, இங்கே படிக்க வரும் டாக்டர்களும் அப்படித்தான். அதனால் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பால். மயக்க மருந்து கொடுத்ததும் உடம்பின் தற்காப்பெல்லாம் தளர்ந்துவிடும். வயிற்றில் பால் இருந்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். இதயத்தில் பெரிய ஓட்டை இருக்கும் குழந்தைக்கு நுரையீரல் ஏற்கெனவே ரத்தம் தேங்கிக் கனத்திருக்கும், அதில் பாலும் போனால் அவ்வளவுதான். மாட்டுப்பால், பவுடர் பால், திட உணவு என்றால் 6 மணி நேரம், தாய்ப்பால் என்றால் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தண்ணீருக்கு இன்னும் குறைவு. உங்கள் குழந்தைக்கு எத்தனை மணி என்பதை மயக்க மருந்து டாக்டர் சொல்வார். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு விடாதீர்கள், இரவு குழந்தையோடு யார் படுக்கிறார்களோ அவர்களுக்கும் சொல்ல வேண்டும். மீறிக் கொடுத்துவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள். தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

“வளர்ந்தா சரியாயிடும்”

இதைக் கேட்டாலே எனக்கு மனசு பதறும். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு, ஒன்பது பேருக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஏதாவது குறை இருக்கும். அதில் சில தானாகவே சரியாகும் என்பது உண்மைதான். கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் சின்ன ஓட்டை என்றால் நிறையக் குழந்தைகளுக்குத் தானாக மூடிக்கொள்ளும். மேலறைச் சுவரில் உள்ள ஓட்டைக்குப் பள்ளிக்கூடம் சேர்க்கும் வயது வரைகூடக் காத்திருப்பார்கள். ஆனால் கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை என்றால் கதையே வேறு. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மூடியது, நம் குழந்தைக்கும் மூடும் என்று இருந்துவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

இன்னொன்றும் உண்டு. பிரசவ ஆஸ்பத்திரியில் ‘எல்லாம் நார்மல்’ என்று சொல்லியிருப்பார்கள். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பிறந்த புதிதில் நுரையீரல் ரத்தக் குழாய்கள் இறுக்கமாக இருக்கும், ஓட்டை வழியாக ரத்தம் அதிகம் பாயாது. நாலு, ஆறு வாரத்தில் குழாய்கள் தளர்ந்த பிறகுதான் ரத்தம் நுரையீரலுக்குள் கொட்டத் தொடங்கும். அப்போதுதான் குழந்தை பால் குடிக்கத் திணறும். இரண்டு நிமிடம் உறிஞ்சும், விட்டுவிடும், நெற்றி முழுக்க வியர்க்கும், மறுபடி அழும். அரை மணி நேரமானாலும் வயிறு நிறையாது. ‘சோம்பேறிப் புள்ள’ என்பார்கள். சோம்பலே இல்லை, பால் குடிப்பதுதான் அந்த வயதுக்கு மலையேறுகிற வேலை.

எடை கூடட்டும், அப்புறம் ஆபரேஷன் பார்க்கலாம் என்று ஊரில் சொல்லி அனுப்புகிறார்கள். அந்தக் குழந்தை குடிக்கிற கொஞ்சப் பாலும் மூச்சு வாங்குவதற்கே செலவாகிறது, எடை எங்கிருந்து கூடும்? ஆபரேஷன் ஆன பிறகுதான் கூடும். காத்திருக்கும் மாதங்களில் நுரையீரல் ரத்தக் குழாய்கள் தடித்துக்கொண்டே போகும். ஒரு கட்டம் தாண்டிவிட்டால் ஓட்டையை மூடவே முடியாது, மூடினால் இதயம் தாங்காது. எட்டு வயதில், பத்து வயதில் நீலம் பாரித்த விரல்களோடு வரும் பிள்ளைகளிடம் ‘இனி மூட முடியாது’ என்று டாக்டர் சொல்லும்போது நான் அந்த அறையில் நின்றிருக்கிறேன்.

சரி, பணம்? நகையை அடகு வைத்துவிட்டுத்தான் விசாரிக்கவே வருகிறார்கள். முதலில் விசாரியுங்கள். ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013-லிருந்து இருக்கிறது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் அந்த மருத்துவக் குழு, இதயக் குறை உள்ள பிள்ளைகளைக் கண்டுபிடித்து மேல்சிகிச்சைக்கு அனுப்பும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் குழந்தைகள் இதய ஆபரேஷனுக்கு அதில் வழி இருக்கிறது. அட்டையில் குழந்தையின் பெயரைச் சேர்த்திருக்கிறீர்களா என்று மட்டும் இன்றைக்கே பாருங்கள்.

நீலம், மருதாணி, மருந்து

உதடும் நகமும் நீலமாகும் குழந்தைகள் தனி ரகம். காலையில் எழுந்து அழும்போது, மலம் கழிக்கும்போது திடீரென்று கருநீலமாகி வேகமாக மூச்சு வாங்கும். அப்போது குலுக்குவது, முகத்தில் தண்ணீர் தெளிப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். முழங்கால் இரண்டையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள். காலுக்குப் போகும் ரத்தம் அப்போது தடைபடும், நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். அப்படியே அணைத்தபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் விளையாடும்போது நடுவில் தானாகவே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே உடம்பு கண்டுபிடித்த வைத்தியம் அது. இந்தப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு நாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது. நீர்ச்சத்து குறைந்தால் ஏற்கெனவே கெட்டியான ரத்தம் இன்னும் கெட்டியாகும்.

விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவிக்கு வெளிச்சம் ஊடுருவ வேண்டும். மருதாணியும் நகப்பூச்சும் அளவைக் குழப்பலாம். அட்மிஷனுக்கு வரும்போது ஒரு விரலாவது சுத்தமாக இருக்கட்டும்.

மருந்து விஷயத்தில் மூன்று தவறு திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று, மில்லி கணக்கில் சொன்னதை டீஸ்பூனில் ஊற்றுவது. சிரிஞ்சில்தான் அளக்க வேண்டும். கடையில் வேறு கம்பெனி மருந்து கொடுத்தால் அதன் வீரியம் வேறாக இருக்கலாம், மில்லியும் மாறும். இரண்டு, டிகாக்ஸின் என்ற இதய மருந்தைக் கொடுத்ததும் குழந்தை வாந்தி எடுத்தால் மறுபடி கொடுப்பது. எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது, அளவு கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். கொடுக்காதீர்கள், போன் செய்து கேளுங்கள். மூன்று, அம்மா ஒருமுறை, பாட்டி ஒருமுறை. இதற்கு ஒரு அம்மா கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். தினசரி காலண்டர் தாளில் கொடுத்ததும் ஒரு கோடு. இரண்டு வேளைக்கும் இரண்டு கோடு விழுந்தால் அன்றைய தாள் கிழியும்.

“பெரிய டாக்டர் எப்போ வருவார்?”

எங்கள் பிரிவுக்கு வரும் பெற்றோர் எல்லாரும் கேட்கும் கேள்வி. அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும்: படிக்கிற பசங்களை வைத்து என் குழந்தையில் பழகுகிறார்களா?

நியாயமான பயம். ஆனால் அந்தப் ‘பசங்க’ யாரென்று தெரிந்துகொள்ளுங்கள். எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்று வருடம் குழந்தை மருத்துவத்தில் எம்.டி. முடித்து, அதற்கு மேல் குழந்தைகள் இதயத்துக்கென்றே டி.எம். அல்லது ஃபெலோஷிப் படிப்பவர்கள். பெரும்பாலும் முப்பது வயதை ஒட்டியவர்கள், பலருக்கு வீட்டில் குழந்தை இருக்கும். சர்ஜரி பக்கம் பயிற்சி படிப்படியாகத்தான் நடக்கும். உதவிக்கு நிற்பது, நெஞ்சைத் திறப்பதும் மூடுவதும், இதய நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை இணைப்பது, பிறகு எளிய ஓட்டை. எதிரில் சீனியர் நிற்பார். கை தயங்கினால் அவர் கை வந்துவிடும்.

இந்த வைத்தியமே அப்படித்தான் கைமாறி வந்தது. 1944 நவம்பர் 29 அன்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் பிளாலாக் என்ற சர்ஜன் முதன்முதலாக ஒரு நீலக் குழந்தைக்கு, கைக்குப் போகும் ரத்தக் குழாயை நுரையீரல் குழாயோடு இணைக்கும் அந்தப் புகழ்பெற்ற ஆபரேஷனைச் செய்தபோது, பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னவர் விவியன் தாமஸ். டாக்டர் பட்டம் இல்லாத கறுப்பினத்தவர். ஆய்வுக்கூடத்தில் நாய்களில் அந்த ஆபரேஷனைச் செய்து செய்து பார்த்தவர் அவர்தான். பின்னாளில் பேர்பெற்ற பல சர்ஜன்கள் அவரிடம் பழகியவர்கள். அந்த யோசனையைக் கொடுத்த குழந்தைகள் இதய டாக்டர் ஹெலன் டாசிக்குக் காது கேட்பது குறைந்துபோயிருந்தது, குழந்தையின் நெஞ்சில் விரலை வைத்தே இதயத்தில் ரத்தம் பாயும் முணுமுணுப்பை உணர்வார். அவரிடம் போய்ப் படித்துவிட்டு வந்தவர்தான் இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர் பத்மாவதி. இன்றைக்கும் புதிதாகச் சேரும் டாக்டரிடம் எங்கள் சீனியர் சொல்வது, “ஸ்டெத்தை அப்புறம் வை, முதல்ல கையை வை.”

அதனால் பெற்றோர் செய்யும் தவறு இது: டியூட்டி டாக்டர் கேட்டால் ‘எல்லாம் ஃபைல்ல இருக்கு’ என்று சொல்லிவிட்டு, முக்கியமானதைப் பெரிய டாக்டருக்கென்று வைத்துக்கொள்வது. பெரிய டாக்டர் காலை ரவுண்ட்ஸில் வருவார். ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் குழந்தையின் பக்கத்தில் இருப்பது இந்த டாக்டர்தான். ஒரே கதையை நாலு பேரிடம் சொல்வது சலிப்பாக இருக்கும், எனக்குத் தெரியும். மூன்றாவது தடவை சொல்லும்போதுதான் ஒரு அம்மாவுக்கு ஞாபகம் வந்தது, முன்பு ஒரு மருந்துக்கு உடம்பெல்லாம் தடித்தது என்று. ரவுண்ட்ஸில் பயிற்சி டாக்டர் உங்கள் குழந்தையைப் பற்றி ஒப்பிக்கும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்துங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பயிற்சி டாக்டர்கள் செய்யும் தவறு என்ன? சீனியரை எழுப்பத் தயங்குவது. சிறுநீர் குறைகிறது, துடிப்பு ஏறுகிறது, கை கால் சில்லிடுகிறது. ‘இன்னும் அரை மணி பார்ப்போம்’ என்பார்கள். நெஞ்சில் வைத்த குழாயில் ரத்தம் வருவது திடீரென்று நின்றால் நல்லது என்று நினைத்துவிடக்கூடாது. குழாய் அடைத்து, ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி அமுக்கிக்கொண்டிருக்கலாம். புதிதாக வருபவர்களிடம் நான் முதல் நாளே சொல்லிவிடுவேன்: “டாக்டர், தூக்கத்தைக் கெடுத்ததுக்குத் திட்டு வாங்கினா அது என் கணக்கு.”

பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் மருத்துவமனையே சாட்சி. 1984 முதல் 1995 வரை அங்கே நடந்த குழந்தைகள் இதய ஆபரேஷன்களைப் பற்றிய விசாரணை அறிக்கை 2001-ல் வந்தது. ஸ்டீஃபன் போல்சின் என்ற மயக்க மருந்து டாக்டர், இங்கே குழந்தைகள் அதிகமாக இறக்கிறார்கள் என்று எண்களோடு வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பாரில்லை. 1991 முதல் 1995 வரை மட்டும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் முப்பது முதல் முப்பத்தைந்து பேர் கூடுதலாக இறந்ததாக அந்த அறிக்கை சொன்னது. அதற்குப் பிறகுதான் இதயப் பிரிவுகள் தங்கள் ஆபரேஷன் முடிவுகளின் கணக்கை வெளிப்படையாக வைக்க வேண்டும் என்ற வழக்கம் அங்கே வலுப்பட்டது.

லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் வேறு மாதிரி ஒரு கதை. தியேட்டரிலிருந்து ஐ.சி.யு.வுக்குக் குழந்தை வரும் அந்தச் சில நிமிடங்கள்தான் ஆபத்தானவை. வென்டிலேட்டர் மாற்ற வேண்டும், மருந்துக் குழாய்கள் மாற்ற வேண்டும், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அங்கிருந்த இரண்டு டாக்டர்கள் தொலைக்காட்சியில் கார் பந்தயம் பார்த்தபோது, டயர் மாற்றும் குழு சத்தமே இல்லாமல் அவரவர் வேலையைச் செய்வதைக் கவனித்தார்கள். ஃபெராரி குழுவிடமே போய்க் கேட்டுத் தங்கள் முறையை மாற்றினார்கள். 2007-ல் வெளியிட்ட கணக்குப்படி ஒரு ஒப்படைப்புக்குச் சராசரியாக 5.42 ஆக இருந்த பிழைகள் 3.15 ஆகக் குறைந்தன. எங்கள் ஐ.சி.யு.விலும் இப்போது அப்படித்தான். முதலில் கருவிகள், அப்புறம் பேச்சு, ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது. அந்த நேரத்தில் கதவைத் தட்டும் அப்பாவிடம் ‘பத்து நிமிஷம்’ என்று நான் சொன்னால் தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வந்து பார்க்கும்போது முகம் வீங்கியிருக்கும், வாயில் குழாய், வயிற்றருகே மெல்லிய கம்பிகள். பலர் மயங்கி விழுந்திருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கையைக் கழுவுங்கள். பேசுங்கள், காலைத் தொடுங்கள், குழந்தைக்குக் கேட்கும்.

வீட்டுக்குப் போகும் நாள்

நெஞ்செலும்பைப் பிளந்து கம்பியால் கட்டியிருப்பார்கள். எலும்பு ஒன்றுசேர ஆறு வாரம் வரை ஆகும். அதுவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. வீட்டுக்கு வரும் உறவினர்கள் முதலில் செய்வது அதைத்தான். பல் விஷயத்தையும் விடாதீர்கள். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தம் வழியாக இதயத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளலாம். பல் பிடுங்கப் போகும்போது இதய ஆபரேஷன் ஆன குழந்தை என்று பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தடுப்பூசி எப்போது தொடரலாம் என்றும் டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். ஆபரேஷன் ஆன பிள்ளை என்று பயந்து பலர் ஊசியையே விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பாலாடைப் பாட்டி டிஸ்சார்ஜ் அன்று என்னிடம் வந்தார். தூக்கும் முறையை மறுபடி காட்டச் சொன்னார். பயிற்சி டாக்டர் ஒருவர் தலையணையை வைத்துக் காட்டினார், ஒரு கை பின்கழுத்துக்கு, ஒரு கை அடியில். பாட்டி மூன்று தடவை தலையணையைத் தூக்கிப் பார்த்தார். நாலாவது தடவை குழந்தையைத் தூக்கினார்.

“இனிமே எப்போ பால் கொடுக்கலாம் சிஸ்டர்?”

“இப்பவே கொடுங்க பாட்டி.”