கரண்ட் இருக்கும்போதே போனை நிரப்ப: ஃபாஸ்ட் சார்ஜர் வாங்குவது எப்படி?

யாங்கோனில் கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. தெருப் பிள்ளைகள் ‘மீ லாப்யீ’ (கரண்ட் வந்தாச்சு) என்று கத்தியதும் தண்ணீர் மோட்டார், ரைஸ் குக்கர், போன் எல்லாம் ஒரே சமயத்தில் பிளக்கைத் தேடும். பழைய 10 வாட் சார்ஜரில் 5000 எம்ஏஎச் போன் நிரம்ப இரண்டரை மணி நேரம் வேண்டும். அதற்குள் கரண்ட் போய்விடும்.

முதலில், கடைக்குப் போகும் முன் உங்கள் போன் அதிகபட்சம் எத்தனை வாட் வாங்கும் என்று பாருங்கள். 25 வாட் போனுக்கு 100 வாட் சார்ஜர் போட்டாலும் 25தான் ஏறும். போன் கெடாது, காசுதான் வீண்.

அடுத்ததுதான் என்னை ரொம்பச் சுற்றவிட்ட விஷயம். அத்தையின் சாம்சங்கில் 45 வாட் சார்ஜர் செருகியும் ‘சூப்பர் ஃபாஸ்ட்’ என்று வரவே இல்லை, வெறும் ‘ஃபாஸ்ட்’தான். வாட் போதும், மொழி பொருந்தவில்லை. சார்ஜரும் போனும் எத்தனை வோல்ட் என்று முதலில் பேசி முடிவு செய்கின்றன. ஐபோனுக்கு பிடி (PD, பவர் டெலிவரி) என்ற பொதுவான முறை போதும். சாம்சங்கின் சூப்பர் ஃபாஸ்டுக்கு அதன் கூடுதல் வசதியான பிபிஎஸ் (PPS) வேண்டும். அதில் போன் கேட்கக் கேட்க வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கொடுக்கும். ஓப்போ, ரியல்மி, ஷாவ்மி போன்களுக்குப் பெரும்பாலும் சொந்த முறை; வேறு சார்ஜரில் ஏறும், ஆனால் முழு வேகம் வராது. அவற்றுக்குப் பெட்டியோடு வந்த சார்ஜரையே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? சார்ஜரின் அடிப்பக்கத்துப் பொடி எழுத்தை போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். 5, 9, 15, 20 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அது வெறும் பிடி. 3.3 முதல் 11 வோல்ட் வரை என்று ஒரு வரி இருந்தால் பிபிஎஸ் உண்டு. கடைக்காரர் ‘எல்லா போனுக்கும் ஓகே’ என்பதை நம்ப வேண்டாம். இன்புட் 100–240 வோல்ட் என்றும் இருக்க வேண்டும். நம் லைனில் வோல்டேஜ் இறங்கும்போது அதுதான் தாக்குப்பிடிக்கும். கரண்ட் வந்த உடனே செருகாமல் சில நிமிடம் பொறுங்கள்.

அப்புறம் கேபிள். இரு முனையும் டைப்-சி ஆன சாதாரண சி-டு-சி கேபிள் 3 ஆம்பியர், 60 வாட் வரை. 45 வாட் போனுக்கு அது போதுமே என்று தோன்றும். சாம்சங் அந்த 45ஐ 10 வோல்ட், 4.5 ஆம்பியராக வாங்குகிறது. ஆகவே 5 ஆம்பியர் கேபிள் இல்லாமல் அது வராது.

என் தேர்வு: இரண்டு சி போர்ட், ஒரு ஏ போர்ட் (பழைய அகலமான யுஎஸ்பி) உள்ள 65 வாட் கேன் (GaN, காலியம் நைட்ரைடு சிப்) சார்ஜர். சின்னது, சூடும் குறைவு. லேப்டாப் இல்லாத வீட்டுக்கு 100 வாட்டுக்கு மேல் தேவையில்லை. இரண்டாவது போனைச் செருகினால் முதல் போன் ஒரு நொடி நின்று மறுபடி ஏறும்; வாட்டைப் பங்கு போடுகிறது, பழுதில்லை. பிளக் முள்ளையும் பாருங்கள். இங்கே வீட்டுக்கு வீடு சாக்கெட் வேறு. தளர்ந்த சாக்கெட்டில் கனமான சார்ஜர் தொங்கினால் முள் சூடாகும்.

பின்சேர்க்கை: ‘புது சார்ஜரில் போன் ஏறுகிறது, சார்ஜ் போட்டு எரிக்கும் விளக்கு மட்டும் ஏறவில்லை’ என்று சிலர் எழுதியிருந்தார்கள். விலை மலிவான விளக்கு, சின்ன ஃபேன் பலவற்றில், சி போர்ட்டுக்குள் இருக்க வேண்டிய சிறு ரெசிஸ்டர்களை (மின்தடைகளை) வைக்காமலே விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால் சி-டு-சி கேபிளில் சார்ஜர் கரண்ட்டே விடாது. ஏ போர்ட்டில் பழைய ஏ-டு-சி கேபிளைப் போடுங்கள், ஏறும். ஏ போர்ட் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

பவர் பேங்க் மெதுவாக ஏறினால் சார்ஜரைத் திட்டாதீர்கள். 20000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணி. அதன் இன்புட் 18 வாட் என்று போட்டிருந்தால் எந்தச் சார்ஜரிலும் நாலு மணி நேரத்துக்கு மேல்தான். வாங்கும்போதே இன்புட் 30 வாட்டுக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள்.