விதையிலிருந்து நீலக் காட்டு அவுரி வளர்ப்பது எப்படி?

அமெரிக்கப் புல்வெளிப் பூக்களை வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது நீலக் காட்டு அவுரி. தாவரப் பெயர் பாப்டிசியா ஆஸ்ட்ராலிஸ், பயறு குடும்பம். இதன் குட்டை ரகம் கான்சஸ், மிசௌரி, ஓக்லஹோமா புல்வெளிகளில் தானாகவே வளர்கிறது. ஒரு காலத்தில் அமெரிக்காவில் அசல் அவுரிக்குப் பதிலாக நீலக் காட்டு அவுரியிலிருந்து நீலச் சாயம் எடுத்தார்கள்.

விதை சேகரிப்பில் தொடங்குவோம். காய் கறுத்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும்போது பறியுங்கள். காய்க்குள் கூன்வண்டு முட்டையிடும். ஓட்டை விழுந்த விதைகளைத் தயங்காமல் கழித்துவிடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. காய்ந்த விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. அப்படியே விதைத்தால் பல விதைகள் மண்ணுக்குள் சும்மா கிடக்கும். இரண்டு உப்புத்தாள்களுக்கு நடுவே வைத்து, பளபளப்பு மங்கும்வரை மெதுவாகத் தேயுங்கள். உள்ளிருக்கும் பருப்பு தெரியும் அளவுக்குப் போக வேண்டாம். பிறகு இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் உப்பியிருப்பவை தயார். உப்பாததை மறுபடி தேய்த்து ஊறப்போடுங்கள்.

ஊறிய விதையை ஈர மணலோடு பையில் போட்டுப் பத்து நாளாவது குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். புல்வெளிக் குளிர்காலத்தின் வேலையை அது செய்துவிடும்.

விதைக்கும் முன் இந்தச் செடிக்கேற்ற ரைசோபியம் (வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா) கிடைத்தால் ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்துங்கள். நம் ஊரில் உளுந்துக்குச் செய்யும் அதே விதை நேர்த்திதான். வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், யூரியா போடாதீர்கள்.

கால் அங்குல ஆழம் போதும். நாள் முழுக்க வெயில் படும், தண்ணீர் தேங்காத இடத்தில் நேரடியாக விதைப்பதே நல்லது. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால், வளர்ந்த செடியைப் பெயர்த்து நட்டால் பெரும்பாலும் நொடித்துப்போகும்.

முதல் வருடம் மேலே சில இலைகள்தான் தெரியும். பிடுங்கிவிடாதீர்கள், வளர்ச்சியெல்லாம் வேரில் நடக்கிறது. மூன்றாம் வருட வாக்கில் மே, ஜூனில் பூக்கும்; பெரிய உடம்புள்ள பம்பிள் தேனீக்கள் தேடி வரும். இலையைப் புழு தின்றாலும் மருந்து அடிக்காதீர்கள். இந்த இனத்துச் செடிகளை உண்டு வளரும் பட்டாம்பூச்சி ஒன்று உண்டு. செடியில் நச்சு இருக்கிறது, குழந்தைகளும் குதிரை, மாடுகளும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.