காமிக்ஸ் அட்டைகளை ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகனான இரும்புக்கை மாயாவியின் பழைய தமிழ் அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் 'ஒரிஜினல்' அட்டையைத் தேடிச் சில மாதங்கள் அலைந்திருக்கிறேன். இங்கிலாந்தில் இந்தக் கதைக்கு எப்படி அட்டை போட்டிருப்பார்கள், நம்மவர்கள் அதில் எதை மாற்றியிருப்பார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடும் ஆசை. கடைசியில் தெரிந்தது, அப்படி ஓர் அட்டையே கிடையாது. இல்லாத ஒன்றைத் தேடியிருக்கிறேன்.

அட்டை ஒப்பீட்டில் இறங்குகிற எல்லோரும் செய்யும் முதல் தவறு இதுதான்: ஒவ்வொரு மறுபதிப்பு அட்டைக்கும் எங்கோ ஒரு தாய் அட்டை இருந்தே தீரும் என்று நம்புவது. மாயாவியின் மூலத்தொடர் 1962 அக்டோபரில் தொடங்கிய வேலியண்ட் என்ற பிரிட்டிஷ் வார இதழில், வாரத்துக்குச் சில பக்கங்களாக வந்தது. அந்த இதழில் பல தொடர்கள் ஓடின. அட்டை இதழுக்கு உரியது, இந்த ஒரு கதைக்கு உரியதல்ல. 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் அதைத் தனிப் புத்தகமாகக் கொண்டுவந்தபோது, தனிப் புத்தகம் என்பதால் தனி அட்டை தேவைப்பட்டது. ஆக, அந்த வடிவத்தில் தமிழ் அட்டைதான் முதல் அட்டை. 1967 வாக்கில் பிரிட்டனின் ஃப்ளீட்வே நிறுவனம் மாயாவி, ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல, இவர் வேறு) கதைகளைப் பாக்கெட் நூல்களாக வெளியிட்டது. அந்தக் கதைகளுக்கு மட்டும் ஆங்கில அட்டை உண்டு. எனவே கதை வார இதழில் வந்ததா, பாக்கெட் நூலில் வந்ததா என்று பார்த்துவிட்டு அப்புறம் தேடுங்கள்.

செய்தித்தாள் தொடர்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். வேதாளர், மாண்ட்ரேக், ரிப் கிர்பி எல்லாம் தினமும் ஒரு பட்டையாகப் பத்திரிகையில் வந்தவை. மாடஸ்டி பிளைஸி 1963-ல் லண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்டில் தொடங்கினாள். 1984-ல் லயன் காமிக்ஸின் முதல் இதழ் அவள் கதைதான். அவளுடைய அட்டையை 'ஒரிஜினலோடு' ஒப்பிடுகிறேன் என்று கிளம்பினால் ஒப்பிட எதுவும் இருக்காது. ஒப்பிடுவதானால் ஒரே தொடருக்கு வெவ்வேறு நாடுகள் போட்ட அட்டைகளைத் தங்களுக்குள் ஒப்பிடலாம். அது உண்மையிலேயே சுவாரசியமான வேலை.

பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முத்து காமிக்ஸ் வாசகருக்கு மாயாவி என்றால் இரும்புக்கை. ராணி காமிக்ஸ் வாசகருக்கு 'முகமூடி வீரர் மாயாவி' என்றால் அமெரிக்க ஃபேண்டம், அதாவது மற்றவர்களின் வேதாளர். இரண்டு மாயாவிகளையும் குழப்பி அட்டைப் பட்டியல் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிரான்ஸின் புளூபெர்ரி நம்மிடம் கேப்டன் டைகர், XIII நம்மிடம் இரத்தப் படலம். மொழிபெயர்ப்புத் தலைப்பை அப்படியே ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ திருப்பிப் போட்டுத் தேடுவதால் ஒன்றும் கிடைக்காது. உள்ளே உள்ள முதல் பக்கப் படத்தை வைத்துத்தான் மூலக்கதையை அடையாளம் காண வேண்டும். அட்டை அப்புறம்.

டெக்ஸ் வில்லர் விஷயம் தனி. 1948-ல் இத்தாலியில் பிறந்த இந்தத் தொடரில் மாத இதழும் கதையும் ஒரே இடத்தில் தொடங்கி முடிவதில்லை. ஒரு கதை ஓர் இதழின் நடுப்பக்கத்தில் தொடங்கி, அடுத்த இதழ் முழுக்க ஓடி, மூன்றாவது இதழின் பாதியில் முடியும். அதே பக்கத்தில் அடுத்த கதை தொடங்கிவிடும். தமிழில் முழுக்கதையும் ஒரே புத்தகமாக வரும்போது அதற்கு ஈடான இத்தாலிய அட்டைகள் இரண்டோ மூன்றோ இருக்கலாம். "தமிழ்ப் பதிப்பில் அட்டையை மாற்றிவிட்டார்கள்" என்று சொல்பவர் பெரும்பாலும் முதல் இதழை மட்டும் பார்த்திருப்பார். அடுத்த இரண்டையும் புரட்டிப் பாருங்கள். இன்னொன்று, 400-வது இதழ் வரை அட்டை வரைந்தவர் டெக்ஸின் முதல் ஓவியரான கலெப்பினி. 401-லிருந்து கிளாடியோ வில்லா. பழைய கதையை வில்லாவின் அட்டையோடு பார்த்தால் அந்த அட்டை அந்தக் கதையோடு பிறந்ததல்ல என்று ஒரு சந்தேகமாவது வர வேண்டும்.

அட்டை ஓவியரையே உள்ளே வரைந்தவர் என்று எண்ணுவதும் பரவலான தவறு. இதற்கு நல்ல உதாரணம் ஜப்பானின் லோன் வுல்ஃப் அண்ட் கப். கசுவோ கொய்கே எழுத, கோசேகி கொஜிமா வரைந்து 1970-ல் தொடங்கிய சாமுராய் தொடர். 1987-ல் ஃபர்ஸ்ட் காமிக்ஸ் இதை அமெரிக்காவில் வெளியிட்டபோது, ஆரம்ப இதழ்களுக்கு அட்டை வரைந்தவர் அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் ஃபிராங்க் மில்லர். கொஜிமாவின் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது, மில்லர் பெயருக்குக் கடையில் விற்கும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்த அட்டைப் படத்தை மட்டும் பார்த்தவர்கள் இன்றும் "மில்லர் வரைந்த சாமுராய் கதை" என்கிறார்கள். 1999-ல் அமெரிக்காவின் டார்க் ஹார்ஸ் நிறுவனம் இத்தாலியின் டிலன் டாக் கதைகளை வெளியிட்டபோதும் இதே கதைதான். அட்டைகள் ஹெல்பாய் புகழ் மைக் மிக்னோலாவுடையவை, உள்ளே இருப்பவை இத்தாலிய ஓவியர்களின் பக்கங்கள். அந்தப் பதிப்பில் கூடுதலாக ஒரு வேடிக்கை: நாயகனின் உதவியாளன் கிரௌச்சோவுக்கு மீசையை எடுத்துவிட்டு ஃபெலிக்ஸ் என்று பெயரும் மாற்றினார்கள். நடிகர் கிரௌச்சோ மார்க்ஸின் சாயல் வழக்கைக் கொண்டுவந்துவிடுமோ என்ற பயம். அட்டையை மட்டும் ஒப்பிடுபவருக்கு இந்த மீசை விவகாரம் தெரியவே தெரியாது. உள்ளே புரட்டினால்தான் உண்டு.

ஜப்பானியப் புத்தகங்கள் வலமிருந்து இடமாகப் போகும். நாம் பின்னட்டை என்று நினைப்பதுதான் அங்கே முன்னட்டை. ஸ்கேன் செய்பவர்கள் அவசரத்தில் தப்பான பக்கத்தை 'முன்னட்டை' என்று ஏற்றிவிடுகிறார்கள், பார்ப்பவர்களும் "என்ன இப்படிச் சப்பென்று இருக்கிறது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். 80, 90-களில் அமெரிக்கப் பதிப்புகள் பலவற்றில் பக்கங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி அச்சிட்டார்கள். வலக்கை வாள்வீரர்கள் இடக்கையர் ஆனார்கள். கிமோனோவின் மடிப்பு மாறிப்போனது. ஜப்பானில் அப்படி மாற்றி மடிப்பது பிணத்துக்கு உடுத்தும்போதுதான்! இந்தப் பரிசோதனை நம் ஊருக்கும் உதவும். மாயாவியின் இரும்புக்கை வலது கை. அட்டையில் அது இடது கையாகத் தெரிந்தால், பார்த்து வரைந்த படமோ நெகட்டிவோ எங்கோ திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

ரசனையைக் குறை சொல்வதற்கு முன் சட்டத்தையும் சந்தையையும் ஒரு கண் பாருங்கள். பிரான்ஸில் 1949-ல் சிறுவர் பத்திரிகைகளுக்காக ஒரு சட்டம் வந்தது. வன்முறை தூக்கலாக இருந்தால் கேள்வி வரும். மார்வெல் கதைகளைத் தாங்கி 1969-ல் வந்த ஃபேண்டாஸ்க் ஏழே இதழ்களில் நின்றுபோனதற்கு இந்தத் தணிக்கை நெருக்கடிதான் காரணம். அதே பதிப்பகத்தின் ஸ்ட்ரேஞ்ச் இதழில் அமெரிக்க அட்டைகளுக்குப் பதில் ஃப்ரிசானோவின் வண்ண ஓவியங்கள் வந்தன. ஸ்பெயினில் வெர்டிசே நிறுவனம் மார்வெல் கதைகளைச் சிறிய அளவில், கறுப்பு வெள்ளையில், கட்டங்களை வெட்டி ஒட்டி வெளியிட்டது. ஆனால் அட்டைக்கு மட்டும் லோபெஸ் எஸ்பியைப் பிடித்து எண்ணெய் ஓவியம்போல் பளபளக்க வைத்தது. உள்ளே சோளக்கஞ்சி, வெளியே பட்டுக்குஞ்சம். ஸ்பானிய வாசகர்களில் ஒரு தலைமுறைக்கு அந்த அட்டைகள்தான் மார்வெலின் முகம். அவற்றை 'போலி' என்று தள்ளுவது எனக்குச் சம்மதமில்லை. சிவகாசி ஓவியர்கள் வரைந்த அட்டைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

நிறத்தில் ஏமாறுவது இரண்டு வகை. முதலாவது, நிஜமாகவே வேறு நிறம். வேதாளர் 1936-ல் கறுப்பு வெள்ளையில் பிறந்தவர். 1939-ல் ஞாயிறு வண்ணப் பக்கம் வந்தபோது ஊதா உடை கிடைத்தது. அதற்குள் மற்ற நாடுகள் தங்கள் இஷ்டத்துக்கு வண்ணம் பூசத் தொடங்கிவிட்டன. இத்தாலியிலும் பிரேசிலிலும் சிவப்பு, ஸ்வீடனில் நீலம். ஸ்வீடிஷ் அட்டையைப் பார்த்து "அச்சுப்பிழை" என்பது அறியாமை. இரண்டாவது வகை, வெளுத்துப்போன நிறம். டீக்கடைச் சுவரில் வெயில் பட்ட சாமி காலண்டர் ஒரு வருடத்தில் நீலமாகிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் நின்று பிடிக்கும். ஜன்னலோரம் கிடந்த அட்டையை ஸ்கேன் செய்து "தமிழ்ப் பதிப்பில் வண்ணத்தை மாற்றிவிட்டார்கள்" என்று எழுதாதீர்கள். முதுகுப் பக்கத்தையும், மடிப்புக்குள் வெயில் படாத ஓரத்தையும் பாருங்கள். அங்கே பழைய சிவப்பு ஒளிந்திருக்கும்.

விலையை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதும் ஆகாது. 60, 70-களின் மார்வெல் இதழ்களில் சென்ட்டுக்குப் பதில் பென்ஸ் விலை போட்டவை உண்டு. பார்த்ததும் பிரிட்டிஷ் மறுபதிப்பு என்று தோன்றும். இல்லை, அமெரிக்காவிலேயே அதே அச்சு ஓட்டத்தில் விலையை மட்டும் மாற்றி அடித்து அனுப்பியவை.

அளவு பற்றிச் சுருக்கமாக. அமெரிக்க இதழ் ஒல்லி, உயரம். டெக்ஸை வெளியிடும் இத்தாலிய நிறுவனமான போனெல்லியின் 16-க்கு 21 சென்டிமீட்டர் புத்தகம் உயரத்தோடு ஒப்பிட்டால் அதைவிட அகலம். ஓர் அளவுக்கு வரைந்ததை இன்னொன்றில் பொருத்த மேலே வானத்தை நீட்டுவார்கள், பக்கத்தில் ஒரு குதிரையை வெட்டுவார்கள். ஸ்கேன்களை ஒரே உயரத்துக்குச் சுருக்கிப் பக்கத்தில் வைத்தால் இதெல்லாம் மறைந்துவிடும். அடிக்கோல் வைத்து அளந்து எழுதுங்கள். 1974-ல் டி.சி. நிறுவனம், சூப்பர்மேன் அறிமுகமான ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழைப் பெரிய அளவில் மறுபதிப்பாக வெளியிட்டது. வெளியட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே 1938-ன் அட்டை அப்படியே. அதைக் கோடிகள் பெறும் அசல் என்று நம்பியவர்களுக்கும் அசலுக்கும் நடுவில் நின்றது அந்த அடிக்கோல் ஒன்றுதான்.

நம் ஊரில் உள்ள ஒரு வில்லங்கம் பைண்டிங். வாடகை நூலகங்களில் நாலைந்து இதழ்களைச் சேர்த்துத் தைக்கும்போது அட்டைகளைக் கிழித்து எறிந்துவிடுவார்கள். பின்னாளில் அந்தத் தொகுப்பை வாங்கியவர் ஆசையாக வேறெங்கோ கிடைத்த அட்டையைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து முன்னால் ஒட்டியிருப்பார், பல சமயம் அது பிற்கால மறுபதிப்பின் அட்டை. என் அலமாரியிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. முதல் பதிப்பு என்று இரண்டு வருடம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நண்பர் அட்டையின் கீழ் மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதென்ன, 1972 தொடக்கத்தில் பின்கோடு இருந்ததா?" என்று கேட்டார்.