ஸ்டோமா வைக்கும் இளம் சர்ஜன்கள் தவிர்க்க வேண்டியவை

கோவையில் பிஜி மாணவர்களோடு தியேட்டரில் நிற்கும்போது, நாங்கள் அந்த வயதில் செய்த தவறுகளே திரும்ப வருவதைப் பார்க்கிறேன். ஸ்டோமா என்பது கழிவு வெளியேறக் குடலை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து தைத்து வைக்கும் வாய். அந்தக் குடல் முறுகக் கூடாது, இழுபடக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

இடம் குறிக்காமல் தியேட்டருக்குள் போவது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதில்தான். மயக்கத்தில் மல்லாந்து கிடக்கும் வயிறு வேறு, அதே ஆள் குத்தவைத்து உட்காரும்போது மடியும் வயிறு வேறு.

கோபி பக்கத்து மஞ்சள் விவசாயி ஒருவர் வந்தார். வேறு இடத்தில், நாள் குறித்து நிதானமாகச் செய்த ஆபரேஷன். குடலை அருமையாகத் தைத்திருந்தார்கள். ஆனால் ஸ்டோமா இருந்தது சரியாக வேட்டி கட்டும் இடத்தில். இறுக்கினால் கழிவு சேரும் பை பிதுங்கும், தளர்த்தினால் வேட்டி நிற்காது. குனிந்தால் பையைத் தோலோடு ஒட்டும் தகடு கிளம்பி ஒழுகும். சுற்றிலும் தோல் வெந்துபோயிருந்தது. "பந்தியில உக்கார முடியலீங்க, எந்த விசேசத்துக்கும் போறதில்லீங்க" என்றார். இடம் மாற்ற இன்னொரு ஆபரேஷன் தேவைப்பட்டது.

முந்தின நாளே வார்டுக்குப் போங்கள். படுக்க, உட்கார, நிற்க, குனியச் சொல்லிப் பாருங்கள். வேட்டியோ பாவாடை நாடாவோ வழக்கமான இடத்தில் கட்டச் சொல்லுங்கள். தலையைத் தூக்கினால், நடுவயிற்றின் இருபுறமும் நெடுக ஓடும் ரெக்டஸ் தசையின் ஓரம் கைக்குத் தெரியும், அதற்குள் குறியுங்கள். தழும்பு, மடிப்பு, எலும்பு மூன்றையும் விட்டுத் தள்ளி வாருங்கள். குறித்த இடம் அவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள். தொப்பை பெரிதென்றால் தொப்புளுக்கு மேலே போங்கள்.

ராத்திரி எமர்ஜென்சி என்றால் உட்கார வைக்க முடியாது, சரி. அப்போதும் நாடா பதிந்த தடம் தோலில் இருக்கும். அதையாவது பாருங்கள்.

இலியோஸ்டமியைத் தோல் மட்டத்தில் விடுவது

இலியோஸ்டமி என்றால் சிறுகுடலில் வைக்கும் ஸ்டோமா. சிறுகுடல் கழிவு தோலை அரிக்கும். 1952-ல் சர்ஜன் புரூக் எழுதிய முறையில் வெளியே மடித்து, 2 செ.மீ.க்குக் குறையாமல் நீட்டித் தையுங்கள்.

லூப்புக்கு ராடு

லூப் என்பது குடலை வளையமாக வெளியே எடுத்து வைப்பது. அது உள்ளே போகாமல் அடியில் கொடுக்கும் குச்சிதான் ராடு. பழக்கத்துக்காக வைக்காதீர்கள்.

தண்ணீர்க் கணக்கு சொல்லாமல் வீட்டுக்கு அனுப்புவது

தற்காலிக ஸ்டோமாவுக்கு நான் பெரும்பாலும் லூப் இலியோஸ்டமிதான் வைப்பேன். பெருங்குடலில் வைக்கும் கொலாஸ்டமி லூப்பைவிடக் குடல் பிதுங்கி வெளியே வருவது குறைவு. ஆனால் இதில் தண்ணீர் நிறையப் போகும். தாராபுரம் பக்கம் சித்திரை வெயிலில் காட்டு வேலைக்குப் போகிறவருக்கு உடம்பு சீக்கிரம் வற்றி, கிட்னி கெடும். அளக்க ஒரு கப்பு கொடுங்கள். பையில் சேர்வது ஒரு நாளில் ஒன்றரை லிட்டர் தாண்டினால் உடனே வரச் சொல்லுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் ஒழுக்கு இன்னும் கூடும் என்பதையும், ஓ.ஆர்.எஸ். கலக்கும் விதத்தையும், வீட்டில் பார்த்துக்கொள்கிறவரிடமே சொல்லி அனுப்புங்கள்.