சிவந்த கண் எல்லாம் மெட்ராஸ் ஐ அல்ல: கண்நோயை அறிவதும் மருத்துவரைத் தேடுவதும்

மழைக்காலம் தொடங்கிச் சில வாரங்கள் கழிந்ததும் பள்ளிகளிலும் விடுதிகளிலும் கண் சிவந்தவர்களின் எண்ணிக்கை கூடுவது தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் காணும் காட்சிதான். 2022 நவம்பரிலும் அதற்கடுத்த ஆண்டின் ஆகஸ்டிலும் அது பெரிய அலையாகவே வந்தது. கண்ணின் வெள்ளைப் பகுதியையும் இமைகளின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் ஏற்படும் இந்த அழற்சியை விழிவெண்படல அழற்சி என்று பாடநூல்கள் குறிப்பிட்டாலும், மக்கள் வழக்கில் அது மெட்ராஸ் ஐதான். 1918-ஆம் ஆண்டு வாக்கில் சென்னையில் பரவிய கண்நோயிலிருந்து இப்பெயர் வந்ததாகக் கருதப்படுகிறது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் அப்போது பணியாற்றிய கிர்க்பாட்ரிக் என்ற மருத்துவர், அந்தப் பரவலில் கருவிழியில் சிறு புள்ளிகள் தோன்றியதை விவரித்து 1920-இல் கட்டுரை எழுதினார். அதற்குக் காரணமாகக் கருதப்படும் அடினோவைரஸ் என்னும் கிருமியே 1953-இல்தான் கண்டறியப்பட்டது.

இந்நோய் வந்தவர்களுள் பெரும்பாலோர் எந்தச் சிறப்பு மருந்தும் இல்லாமலேயே ஒன்று முதல் இரண்டு வாரங்களில் குணமடைந்துவிடுகின்றனர். அப்படியானால் மருத்துவரிடம் எதற்குப் போக வேண்டும் என்று கேட்கலாம். பார்வையைப் பறிக்கக்கூடிய வேறு சில நோய்களும் முதல் நாளில் வெறும் கண் சிவப்பாகவே தோன்றுகின்றன. அவற்றைப் பிரித்தறிவதற்குத்தான் மருத்துவரின் கண் தேவைப்படுகிறது.

வைரஸால் வரும் மெட்ராஸ் ஐ பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி, ஓரிரு நாளில் மற்றக் கண்ணுக்கும் தாவும். மணல் விழுந்தாற்போன்ற உறுத்தலும், தண்ணீராய் வடியும் கசிவும், இமை வீக்கமும் இருக்கும். காதுக்கு முன்புறம் நெறி கட்டியிருந்தாலோ, சளியும் தொண்டை வலியும் கூடவே இருந்தாலோ, வைரஸ் என்ற ஐயம் வலுப்படும். பாக்டீரியாவால் வருவது குழந்தைகளிடம் சற்று அதிகம். இதில் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான பீளை நாள் முழுவதும் கட்டிக்கொண்டே இருக்கும். காலையில் இமைகள் ஒட்டிக்கொள்வதை மட்டும் வைத்துப் பாக்டீரியா என்று முடிவு கட்டிவிடக் கூடாது, ஏனெனில் வைரஸ் நோயிலும் அது நேரும். மூன்றாவது வகையான ஒவ்வாமையில் அரிப்பே தலைமை அறிகுறி. இரண்டு கண்களும் ஒருசேர அரிக்கும். தும்மலும் மூக்கு ஒழுகலும் துணைக்கு வரும். அது யாருக்கும் தொற்றாது. அரிக்கிறதா, உறுத்துகிறதா என்ற கேள்விக்குத் தெளிவான விடை சொல்ல முடிந்தாலே நோயாளி மருத்துவருக்குப் பாதி வேலையைக் குறைத்துவிடுகிறார்.

நோயுற்றவரின் கண்ணைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கை இன்னும் ஓயவில்லை. பார்வையால் எதுவும் பரவுவதில்லை, கையால்தான் பரவுகிறது. கண்ணைத் துடைத்த விரல் கதவுக் கைப்பிடியிலும் கைப்பேசியிலும் பேருந்துக் கம்பியிலும் வைரஸை விட்டுச் செல்கிறது. அதைத் தொட்ட வேறொருவர் தம் கண்ணைக் கசக்கும்போது சங்கிலி நிறைவடைகிறது. அடினோவைரஸ் உலர்ந்த பரப்புகளிலும் பல நாட்கள், சில வேளை வாரக்கணக்கில், உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. ஆல்கஹால் கலந்த கைத்திரவங்களால் அது எளிதில் அழிவதில்லை என்பதால், சோப்பு போட்டுக் கை கழுவுவதையே நம்ப வேண்டும். கறுப்புக் கண்ணாடி அணிவதால் கண் கூச்சம் குறையும், கண்ணைத் தொடும் பழக்கமும் கொஞ்சம் மட்டுப்படும். பிறரைக் காக்கும் கவசம் என்ற பெருமை மட்டும் அதற்குப் பொருந்தாது. துண்டு, தலையணை உறை, கண்மை, சொட்டு மருந்துப் புட்டி ஆகிய நான்கையும் வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

வீட்டில் செய்யத் தக்கவை சிலவே. கொதிக்க வைத்து ஆறிய நீரில் தூய பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாக ஒரே முறை துடைத்து, அந்தப் பஞ்சை எறிந்துவிட வேண்டும். மற்றக் கண்ணுக்கு வேறு பஞ்சு. மூடிய இமையின் மேல் குளிர்ந்த ஈரத்துணி வைப்பதும், கண்ணீருக்கு மாற்றான மசகுச் சொட்டு விடுவதும் உறுத்தலைத் தணிக்கும். கண்ணைக் கட்டி மூடக் கூடாது. தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடும் பழக்கம் பல வீடுகளில் அன்போடு கைமாறி வந்திருக்கிறது என்றாலும், அவை கிருமிநீக்கம் செய்யப்பட்டவை அல்ல. ஏற்கெனவே புண்பட்டிருக்கும் கருவிழியில் புதிய தொற்றை விதைக்க அவை போதும்.

இதைவிடவும் அஞ்சத் தக்கது மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து. கடைக்காரர் எடுத்துத் தரும் புட்டியில் பாக்டீரியாவை அழிக்கும் நுண்ணுயிர்க்கொல்லியுடன், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டும் கலந்திருக்கக்கூடும். ஸ்டீராய்டு சிவப்பைக் குறைக்கும் வேகம் வியக்க வைக்கும். இரண்டே நாளில் கண் வெளுத்துவிடுவதால் மருந்து பலித்துவிட்டதென்று மனம் நம்பும். ஆனால் சிவப்புக்குக் காரணம் அக்கி வகையைச் சேர்ந்த ஹெர்பீஸ் வைரஸாகவோ பூஞ்சையாகவோ இருந்தால், அதே ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பை அடக்கிக் கருவிழிப் புண்ணை ஆழமாக்கிவிடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விட்டுக்கொண்டே இருந்தால் கண்ணழுத்தம் ஏறலாம், கண்புரை தோன்றலாம். ஆகவே புட்டியின் பட்டியில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசொலோன், ஃபுளோரோமெத்தோலோன், லோட்டிபிரெட்னால் ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு பெயர் இருந்தால், கண் மருத்துவர் எழுதித் தராத நிலையில் அதைத் திறக்கவே வேண்டாம். சென்ற ஆண்டு அண்ணனுக்கு எழுதித் தந்த புட்டி இந்த ஆண்டு தங்கைக்கு மருந்தாகாது. திறந்து 4 வாரங்கள் ஆன எந்தச் சொட்டு மருந்தும் பொதுவாகக் குப்பைக்கு உரியதே.

சில அறிகுறிகள் தென்பட்டால் மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. கண்ணைச் சிமிட்டிய பிறகும் விலகாத பார்வை மங்கல், உறுத்தல் என்ற அளவைக் கடந்த வலி, வெளிச்சத்தை அறவே தாங்க முடியாமை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, நெற்றியிலோ இமையிலோ கொப்புளங்கள் ஆகியவை எச்சரிக்கைகள். கடுமையான கண்வலியோடு தலைவலியும் வாந்தியும் சேர்ந்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தால் அது திடீர்க் கண்ணழுத்த நோயாக இருக்கலாம். அன்றே, அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒட்டுவில்லை (கான்டாக்ட் லென்ஸ்) அணிபவர்கள் கண் சிவந்த உடனே அதைக் கழற்றிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஏனெனில் அவர்களுக்கு வரும் சில பாக்டீரியாத் தொற்றுகள் ஓரிரு நாளில் கருவிழியைக் கரைத்துவிடும். நெல் அறுக்கும்போது தாளோ, கரும்புத் தோகையோ, முள்ளோ கண்ணில் பட்டு, அதன்பின் சிவந்தால், அதை மெட்ராஸ் ஐ கணக்கில் சேர்க்கவே கூடாது. பூஞ்சைப் புண்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. பிறந்து 28 நாட்களுக்குள் குழந்தையின் கண் சிவந்து சீழ் வடிந்தால் அதுவும் அவசர நிலையே. சுண்ணாம்பு போன்ற காரப் பொருள் தெறித்திருந்தால், முதலில் அரை மணி நேரமாவது ஓடும் தூய நீரில் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, அதன் பிறகு வண்டி தேடலாம்.

இவை எதுவும் இல்லாத சாதாரணச் சிவப்பாக இருந்து, ஒரு வாரத்தில் தணியவில்லை என்றாலோ, தணிந்து மீண்டும் கூடினாலோ, அப்போதும் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

யாரிடம் செல்வது என்பதில் பலருக்கும் குழப்பம் உண்டு. கண்ணாடிக் கடையில் பார்வை அளவெடுப்பவர் கண் மருத்துவர் அல்லர்; முறையாகப் படித்த பார்வைப் பரிசோதகர் நோயைச் சந்தேகித்து அனுப்பி வைப்பார், அது நல்ல உதவிதான், ஆயினும் மருந்து எழுதும் பொறுப்பு மருத்துவருடையது. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பிறகு கண் மருத்துவத்தில் எம்.எஸ்., எம்.டி., டி.என்.பி. அல்லது டி.ஓ. முடித்தவரே கண் மருத்துவர். பெயர்ப்பலகையிலும் மருந்துச் சீட்டிலும் மருத்துவ மன்றப் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பதில் கூச்சப்படத் தேவையில்லை.

கிராமப்புறத்தில் இருப்பவர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தொடங்கலாம். பல நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளர் குறிப்பிட்ட நாட்களில் வருவதால், எந்த நாள் என்று முன்னதாகக் கேட்டறிந்து செல்வது அலைச்சலைத் தவிர்க்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கண் பிரிவு உண்டு. ஓபி சீட்டு வழங்கும் நேரம் பெரும்பாலும் காலை வேளை. சென்னையில் 1819-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இன்றும் கட்டணமின்றிச் சிகிச்சை தருகிறது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை இப்போது சிற்றூர்களில் பார்வை மையங்களையும் நடத்துகிறது. அங்கிருந்தே தொலைமருத்துவ வழியில் மருத்துவரின் கருத்தைப் பெற முடியும். 1978-இல் சென்னையில் தொடங்கப்பட்ட சங்கர நேத்ராலயா அறக்கட்டளை வழியில் இயங்குவது. எங்கே போவதென்று திகைப்பவர்கள் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணை அழைத்து வழி கேட்கலாம். சாதாரண மெட்ராஸ் ஐக்காகப் பெரிய மருத்துவமனையை நோக்கி நூறு கிலோமீட்டர் பயணம் செய்வது வீண் என்பதே என் கருத்து. அந்தப் பயணத்தில் நோய்தான் பலருக்குப் பரவும்.

மருத்துவமனையை அடைந்ததும், கண் சிவந்திருக்கிறது என்பதை வரவேற்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. கண்புரை அறுவைக்கு வந்த முதியவர்களோடு ஒரே பெஞ்சில் அமர்வதை இதனால் தவிர்க்கலாம். கண் சிகிச்சை மையங்களில் கருவிகள் வழியாகவும் கைகள் வழியாகவும் இத்தொற்று பரவிய வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் இந்நோய் பரவியபோது, அங்கே சிகிச்சைக்கு வந்த இடமே பரவலுக்கு உதவியது. ஆகவே மருத்துவர் கை கழுவுவதற்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டால் பொறுமையிழக்க வேண்டாம்.

எந்தக் கண்ணில், எந்த நாளில் தொடங்கியது, அடிபட்டதா, ஒட்டுவில்லை அணிவதுண்டா, வீட்டில் வேறு யாருக்கேனும் இருக்கிறதா என்பவற்றைச் சொல்லத் தயாராகச் செல்ல வேண்டும். ஏற்கெனவே விட்ட சொட்டு மருந்துப் புட்டியை மறைக்காமல் கையோடு கொண்டுபோக வேண்டும். எழுத்துப் பலகையை வைத்து ஒவ்வொரு கண்ணின் பார்வையையும் தனித்தனியே சோதிப்பதும், ஸ்லிட் லேம்ப் கருவியில் முகவாயை வைக்கச் சொல்லிக் கருவிழியைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் அடிப்படைச் சோதனைகள். புண் இருப்பதாக ஐயம் எழுந்தால் மஞ்சள்நிறச் சாயம் தொட்டு நீல ஒளியில் பார்ப்பார்கள். இவை எவையும் இல்லாமல், மேசைக்கு அப்பாலிருந்தே பார்த்துவிட்டு மூன்று புட்டிகளை எழுதித் தந்தால், வேறொரு மருத்துவரை நாடத் தயங்க வேண்டாம். வைரஸ் என்று சொல்லி நுண்ணுயிர்க்கொல்லி எழுதாமல் அனுப்பினால் அது அலட்சியம் அன்று, சரியான மருத்துவம். எழுதித் தந்திருந்தால், அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா, எத்தனை நாள் விட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற மூன்றையும் கேட்டு, சீட்டிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

நீர் வடிவதும் பீளை கட்டுவதும் நிற்கும் வரை பள்ளிக்கும் வேலைக்கும் செல்லாதிருப்பது நல்லது. கண் வெளுத்த சில நாட்களில் பார்வை மங்கலாகவோ, எதிரே வரும் வண்டி விளக்கு கண்ணைக் கூசுவதாகவோ தோன்றினால், கிர்க்பாட்ரிக் விவரித்த அதே கருவிழிப் புள்ளிகள் எஞ்சியிருக்கக்கூடும். அவை வாரங்களோ மாதங்களோ நீடிக்கலாம் என்பதால், பழைய சீட்டோடு அதே மருத்துவரிடம் மீண்டும் செல்ல வேண்டும்.